லெட்டிஸின் முகம்

"நான் தொடவே இல்லைங்கறேன், எத்தனை தடவைதான்—"

"தொடாம எப்படிடி போகும்? புள்ளைக்கு மூஞ்சியே இல்ல, ஏறிப் பாரு—"

"வெயில்ல மங்கியிருக்கும். ராணி காலத்துக் கண்ணாடி, இவ்வளவு நாள் தாங்கினதே—"

"ஓ, வெயிலா! பக்கத்துல ஆட்டுக்குட்டி நிக்குது, அதோட ஒரு ரோமம்கூட மங்கல. வெயிலுக்கு ஆட்டுக்கறி பிடிக்காதாக்கும்!"

ஏணியின் உச்சியில் நின்றபடி டார்கஸ் கத்தினாள். அவள் இடுப்பில் ஒரு பெரிய பச்சைச் சுரைக்காய், கைப்பிள்ளையைப் போல. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஈனிட்டின் கையில் கோதுமைக் கதிர்க் கட்டு. விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

மறுநாள் ஞாயிறு, அறுவடைத் திருநாள். கார்ஸ்டன் ஊர் ஆலயத்தில் அதற்கு முந்தைய நாள் பெண்கள் கூடி அலங்கரிப்பார்கள். ஒவ்வொரு சன்னல் விளிம்பும் ஒரு குடும்பத்துப் பெண்களுக்குச் சொந்தம். இன்னொருத்தி அதில் ஒரு ஆப்பிளை வைத்துவிட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. தெற்குச் சுவரின் நடுச் சன்னல் ஈனிட்டின் மாமியாருக்கு உரியதாக இருந்தது. மாமியார் கண்ணை மூடியதும் மகள் டார்கஸ், "எங்கம்மா சன்னல்" என்றாள். மருமகள் ஈனிட், "எங்க வீட்டுச் சன்னல்" என்றாள். வருஷா வருஷம் சுரைக்காய்க்கும் கோதுமைக்கும் நடுவே இந்தச் சண்டை நடக்கும். மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

ஆனால் இந்த வருஷம் சண்டை வேறு இடத்தில் இறங்கிவிட்டது.

"ஒத்துக்க மாட்டே, தெரியும். எங்க வீட்டுக் கதவு நிலையில அம்மா பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தா. நான் இவ்வளவு உயரம், வில்ஃப் இவ்வளவு, எங்க ரெஜி இவ்வளவுன்னு. ரெஜி போருக்குப் போயி வரவே இல்ல. இருந்தது அந்தக் கோடு ஒண்ணுதான். வாழ வந்த வாரமே சோடா போட்டுத் தேச்சியே!"

"அழுக்குன்னு நினைச்சேன்."

"உனக்கு எல்லாமே அழுக்குதான். உன் கை துடைச்சது எதுடி திரும்பி வந்திருக்கு?"

சுரைக்காயை விளிம்பில் தொம்மென்று வைத்துவிட்டு டார்கஸ் இறங்கினாள். ஓட்டுத் தரையில் அவள் செருப்பு படபடவென்று வாசல்வரை போயிற்று. கதவு அறைந்தது. கோபுரத்தில் புறாக்கள் ஒரு முறை சிறகடித்து அடங்கின.

ஈனிட் தேய்த்தவள்தான்.

ஈஸ்டருக்கு முன் ஆலயத்தைக் கழுவி விடுகிற வேலையில் நடுச் சன்னல் அவள் பங்குக்கு வந்தது. வாளியில் சலவைச் சோடா, கையில் இரும்பு நார். சன்னலில் இயேசு உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் பிள்ளைகள். அவர் முழங்காலில் சாய்ந்து, நீல கவுனில், முகத்தை மட்டும் ஆலயத்துக்குள் திருப்பி நிற்பாள் ஒரு சிறுமி. அவள் பெயர் லெட்டிஸ், ஏவரில் மாளிகையின் இளைய பெண். தொண்டை அடைப்பானில் ஏழு வயதில் போனவள். கண்ணாடி செய்கிறவனை வரவழைத்து, பிரேதத்தைப் பெட்டியில் வைக்கும் முன் முகத்தை வரைந்துகொள்ளச் சொன்னார்களாம். நிறமெல்லாம் கண்ணாடியிலேயே ஊறியது. கண், மூக்கு, வாய் மட்டும் பழுப்புப் பொடியைக் குழைத்துத் தீட்டி, சூளையில் சுட்டு ஒட்ட வைப்பது. அந்த ஒரு முகம் சரியாக வேகவில்லை போலிருக்கிறது. ஈனிட் இரண்டு இழுப்பு இழுத்தாள். பால் ஆடையைப் போல முகம் நாரோடு வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக் குழாயடியில் நாரை அலசிவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது, சண்டை போட்ட மூச்சு இன்னும் அடங்காமல், அவளே ஏணியில் ஏறினாள். கதிர்க் கட்டைச் சாய்த்து வைத்தாள். ஆப்பிளும் சாமந்தியும் விளிம்பெங்கும் மணத்தன. தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் இரும்பு ஜாலிக்குக் கீழே டிக், டிக் என்றன. மாலை வெயில் இறங்க இறங்க, கண்ணாடித் துண்டுகளை இணைக்கிற ஈயப்பட்டைகள் குளிர்ந்து சுருங்கி, கிழவியின் விரல்முட்டி போல மெல்ல நெட்டி முறித்தன. லெட்டிஸின் வெற்று முகம் அவள் மார்புக்கு நேராக இருந்தது. வெள்ளையாக. சுத்தமாக.

முகவாயின் இடது ஓரத்தில் ஒரு சிறு கோடு.

விரிசல் என்று நினைத்தாள். நகத்தால் வருடினாள். வழுவழுவென்றிருந்தது. அரிசி மணியளவு பழுப்புக் கோடு, ஒரு முனை லேசாக மேலே வளைந்தது. ஈஸ்டரில் அது அங்கே இல்லை. அவள் துடைத்த இடத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். எங்கே பார்த்தோம் என்பதுதான் உடனே பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு தோட்டத்து வேலியைத் தாண்டும்போது பிடிபட்டது. கால்கள் தாமாக ஓடத் தொடங்கின.

மகள் ஹெட்டி அடுப்படியில் ரொட்டியில் கொழுப்புத் தடவித் தின்றுகொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில் ஆலய வாசலில், சேறு வழிக்கிற இரும்புக் கம்பியில் விழுந்து முகவாய் கிழிந்தவள். டாக்டர் தையல் போட்டார். அரிசி மணியளவு தழும்பு, ஒரு முனை மேலே வளைந்தது.

ஈனிட் அவள் முகத்தை விளக்குக்குத் திருப்பினாள். முகவாயில் ஒன்றுமில்லை.

"எங்கடி போச்சு?"

"எதும்மா? நான் ஒரு துண்டுதான் எடுத்தேன்."

கணவன் வில்ஃப் பால் கறந்துவிட்டு அப்போதுதான் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "காயம்னா ஆறத்தானே செய்யும்? நல்லதுதானே? நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தழும்பு இருந்தா நீதான் புலம்புவ."

ஹெட்டி சிரித்தாள். ஈனிட்டும் சிரித்து வைத்தாள்.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. பாதிரியார் பெல்லமி ரொட்டியையும் திராட்சையையும் ஆசீர்வதித்தார். ஜனங்கள் முழந்தாளிட்டபோது பெஞ்சுகள் கிரீச்சிட்டன. ஊர்ப் பெண்கள் கம்பளி நூலில் பூத்தையல் போட்ட சிறு திண்டுகளில் முட்டி போட்டு, முன்பெஞ்சின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வது அங்கே வழக்கம். ஹெட்டி திண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்வாள், அது கதகதப்பாக இருக்கிறதாம். ஈனிட் கண்ணைத் திறக்கவில்லை. நிமிர்ந்தால் நடுச் சன்னல். நிமிரவில்லை. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது வேறு வழியில்லாமல் நிமிர்ந்தாள்.

வெள்ளை முகத்தில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தின் குறுக்கே, தவிட்டுப் புள்ளிகள் தூவிக் கிடந்தன.

அன்று இரவு ஹெட்டியைக் குளிப்பாட்டும்போது மூக்கு பாலாக இருந்தது. கோடை வெயிலில் பூத்திருந்த தவிட்டுப் புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை.

"வெயில் போயிடுச்சு, புள்ளியும் போயிடுச்சு," என்றான் வில்ஃப்.

திருநாள் விருந்துக்கு வந்திருந்த டார்கஸ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ தேய்க்கிற தேய்ப்புல தோலு இருக்கறதே பெருசு. கொஞ்சம் மெதுவாத் தேய்டி, அது புள்ள, படிக்கட்டு இல்ல."

இலைகள் உதிர்ந்தன. பித்தளை துலக்குகிற முறை தன்னுடையது இல்லாத நாட்களிலும் ஈனிட் ஆலயத்துக்குப் போனாள். வேதப் புத்தகம் தாங்குகிற பித்தளைக் கழுகைத் துலக்குவதுபோல் நின்று, அதன் வளைந்த நெஞ்சில் பின்னால் உள்ள சன்னலைப் பார்ப்பாள். நேராகப் பார்க்கத் தைரியம் வரும்வரை. ஒரு நாள் புருவம் வந்திருந்தது. இடது புருவத்தில் சிறு சுழி; வில்ஃபுக்கும் ரெஜிக்கும் அதே சுழி. இன்னொரு நாள் இமைமயிர். பிறகு மூக்கின் நுனி. மழை பெய்த ஒரு மதியம், காது. எதுவும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரவில்லை. திரும்பிப் பார்க்கும்போது வந்திருக்கும்.

கடைக்காரி ஹெட்டியிடம், "நீ யாரு வீட்டுப் புள்ளம்மா?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு மிட்டாய் கொடுத்தவள். டீச்சர் வேறொரு பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில் வில்ஃப் கரண்டியைத் தூக்கியபடியே மகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, வெட்கப்பட்டவன்போல் உருளைக்கிழங்குக்குக் குனிந்துகொண்டான்.

"வில்ஃப், நம்ம புள்ள மூஞ்சியைப் பாரேன்."

"பார்த்தேன்." குனிந்த தலை நிமிரவில்லை. "வளர்ற புள்ள. மாறத்தான் செய்யும். விடு."

ஏவரில் மாளிகையில் மிச்சம் இருந்தவள் லெட்டிஸின் அக்கா மட்டும்தான். ஊருக்கு அவள் மிஸ் ஏவரில். கல்யாணத்துக்கு முன் ஈனிட் அந்த வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். கிழவி மதியங்களில் ஆலயத்தில்தான் இருப்பாள். நடுச் சன்னலுக்கு எதிரே அவர்கள் குடும்பத்துக்கென்று மரத்தடுப்பும் கதவும் உள்ள இருக்கை, உள்ளே சின்னக் கணப்புகூட உண்டு. ஈனிட் அந்தக் கதவருகே போய் நின்றாள். கணப்பில் கரி கனன்றது. பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி. முக்காலி யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருந்தது.

"உள்ள வா, ஈனிட். வாசல்ல நின்னு குளிரை விடாதே."

"மிஸ்... அந்தச் சன்னல்..."

"நீதானே துடைச்சது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாமச் செஞ்சுட்டேன், மிஸ்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். வெள்ளிச் சாமான்ல பொறிச்ச எழுத்தெல்லாம் உன் கையால தேஞ்சு போச்சு. அம்மா சொல்வா, இந்தப் பொண்ணு ரொம்ப சுத்தம்னு." கிழவி கையுறையைச் சரிசெய்துகொண்டாள். "ஈஸ்டர்லேருந்து என் தங்கச்சிக்கு மூஞ்சி இல்ல. அப்படியே வந்து என் கட்டில் பக்கத்துல நிக்கறா. அவளுக்குப் பேச முடியல. என்னால தூங்க முடியல. யாரு எடுத்தாளோ அவகிட்டப் போயி கேளுன்னு சொன்னேன்."

"என்கிட்ட கேட்டா நான் குடுத்திருப்பேனே, மிஸ். என் மூஞ்சிய எடுத்துக்கச் சொல்லுங்க."

மிஸ் ஏவரில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தேவிட்டாள்.

"உன் மூஞ்சியை வச்சுக்கிட்டு ஏழு வயசுப் புள்ள என்னடி பண்ணும்?"

ஜாலிக்கடியில் குழாய் டிக் என்றது. ஈனிட் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

"விழாதே, தரை ஈரம். இதோ பாரு. அது எங்கேயும் போகல. இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். அங்க இருக்கற வரைக்கும் பத்திரமா இருக்கும். உன் புள்ளைக்குக் கிழடு தட்டாது, அம்மை வராது. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா, அவளும் பார்த்துக்கட்டும். ஆனா ஒண்ணு. துடைக்க மட்டும் செய்யாதே."

"ஏன்?"

"சொன்னா புரியற ஆளா நீ? துடைக்காதே, அவ்வளவுதான்."

ஈனிட் வெளியே வந்தாள். கல்லறைகளுக்கு நடுவே நடக்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாதகி. தங்கச்சிக்கு மூஞ்சி கிடைத்துவிட்டது, இனி அது போய்விடக் கூடாது. அதற்காகத்தான் துடைக்காதே என்கிறாள். வேறென்ன? சிவப்புச் சட்டையின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறிவிட்டால் ஈனிட் என்றைக்காவது கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாளா? கொதிக்கக் கொதிக்கச் சோடாத் தண்ணீர். அழுத்தித் தேய்த்தால் போகாத கறை இந்த ஊரில் கிடையாது. வெள்ளைத் துணி வெளுத்துவிடும். சிவப்புச் சட்டை என்ன ஆகும் என்று அவள் ஒருநாளும் கவனித்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் ஹெட்டி காலையில் எழுந்து கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உரித்த முட்டை மாதிரி முகம். இரண்டு கண், இமையும் புருவமும் இல்லாமல், தண்ணீரில் மிதக்கிற மாதிரி. கீழே ஒரு மெல்லிய வாய்.

"அம்மா, கரண்டி உள்ள போக மாட்டேங்குது."

"வாயைத் தொறடா."

"தொறந்துதான் இருக்கு."

ஈனிட் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியிலிருந்து வாளியை எடுத்தாள். சோடா. இரும்பு நார். வெந்நீரைத் தூக்குப்பானையில் ஊற்றிக் கம்பளியால் சுற்றினாள். ஹெட்டியின் முகத்தைச் சுற்றிக் கழுத்துத் துண்டைக் கட்டினாள், குளிருக்கு என்று.

"எங்கம்மா போறோம்?"

"சர்ச்சுக்கு. அம்மா ஒரு வேலையை விட்டு வச்சிருக்கேன்."

வழியில் டார்கஸ் எதிர்ப்பட்டாள். வாளியைப் பார்த்தாள். "சனிக்கிழமைகூட விட மாட்டியா? இன்னிக்கு யாரை இல்லாமப் பண்ணப் போறே?" டார்கஸ் குனிந்து, துண்டுக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஈனிட்... புள்ளைக்கு உடம்பு சரியில்லையா? ஈனிட்!"

ஆலயத்தில் யாருமில்லை. மிஸ் ஏவரிலின் இருக்கைக் கதவு சாத்தியிருந்தது. அறுவடைப் பூக்களைச் சாடியிலிருந்து யாரும் எடுக்கவில்லை; அழுகிய தண்டுகளின் நெடி, அணைந்த மெழுகுவத்தியின் நெடி, பழைய பாட்டுப் புத்தகங்களின் பூஞ்சை நெடி, எல்லாம் குளிரில் உறைந்து நின்றன. தெற்கே காலைச் சூரியன் தாழ நிற்க, கண்ணாடி வழியாகத் தரையில் சிவப்பும் நீலமும் கொட்டிக் கிடந்தது.

"இங்க முட்டி போடு. திண்டுல மூஞ்சியைப் புதைச்சுக்கோ, நல்ல புள்ள. அம்மா சொல்ற வரைக்கும் நிமிரக் கூடாது. ஜெபம் பண்ணு."

"எந்த ஜெபம்?"

"தெரிஞ்சது எல்லாம்."

ஏணியைச் சாத்தினாள். ஏறினாள்.

நீல கவுனுக்கு மேலே ஹெட்டி இருந்தாள். முழுக்க. சுழி விழுந்த புருவம், தவிட்டுப் புள்ளி, முகவாய்த் தழும்பு, ஏதாவது கேட்க வரும்போது ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்கிற மேலுதடு. பின்னால் வெயில். கன்னத்தில் இரத்தம் ஓடுகிற மாதிரி வெளிச்சம். ஈனிட் விரல் வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. வெயில்தான். வெயிலாகத்தான் இருக்க வேண்டும்.

கீழே ஹெட்டி திண்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே.

ஈனிட் நாரை நனைத்தாள். அழுத்தினாள்.

முதலில் தழும்பு போயிற்று. பிறகு புள்ளிகள். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியே சட்டைக் கைக்குள் இறங்கிற்று. புருவம். ஒரு இழுப்பு. மற்றொன்று. இப்போது முகம் போக மறுத்தது. லெட்டிஸின் முகம் பாலாடையாக வந்தது. இது ஒட்டிக்கொண்டு நின்றது, வேரோடு இருந்த மாதிரி. இரண்டு கையாலும் அழுத்தினாள். ஈயப்பட்டைகள் முனகின. தண்ணீரில் சிவப்பு இருந்தது. அவள் விரல் கிழிந்ததா? பார்க்கவில்லை. கண்கள் அவளையே பார்த்தன. அவள் தன் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள். சுற்றிச் சுற்றி. படிக்கட்டைத் தேய்ப்பது போல.

உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே—

உதடுதான் கடைசி. நாருக்கடியில் அது அசைந்தது. ஈனிட் நிறுத்தவில்லை.

முணுமுணுப்பு நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். வெள்ளைக் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை, ஒரு நிழல் இல்லை. அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்து மரங்கள் தெரிந்தன. அவள் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை.

"ஆச்சுடா கண்ணு. ஆச்சு. நிமிரு."

வாசலில் டார்கஸ் வந்து நின்றாள். ஓடி வந்த மூச்சு. அவள் உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நேராகப் பார்த்தபடி, கையை மெல்ல வாய்க்குக் கொண்டுபோனாள்.

திண்டிலிருந்து தலை உயர்ந்தது. கழுத்துத் துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. பிள்ளை ஏணிப் பக்கம் திரும்பினாள், பழக்கத்தில், குரல் வந்த திசைக்கு. துடைத்த கண்ணாடியின் வழியே நிறமில்லாத வெளிச்சம் நேராக இறங்கி அவள் முகத்தின் மேல் விழுந்தது. ஒரு பள்ளத்திலும் நிழலாகவில்லை, ஒரு மேட்டிலும் தடுக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டின் மேல் விழுகிற மாதிரி, வழுக்கி, முழுதாக, அப்படியே கிடந்தது. இரண்டு சின்னக் கைகள் மேலே வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தன. மறுபடியும் தடவின.

இருக்கைக் கதவுக்குப் பின்னால், கணப்பின் அருகே, ஒரு முக்காலி நகர்ந்தது.

ஈனிட்டின் கையிலிருந்து நார் நழுவி வாளியில் விழுந்தது. ஏணியில் நின்றபடியே, கதவுநிலையில் அழுக்கைத் தேடுகிறவளைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஹெட்டி... ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடுடா."